நிலாவை அரை மணி நேரம் நகர்த்தியது யார்?

மகனே,

முதலில் ஒரு சத்தியம் செய்துவிட்டு அப்புறம் படி. இந்தத் தாள்களை யாரிடமும் காட்டாதே. உன் நண்பர்களிடம் வேண்டாம், உன் அப்பாவிடமும் வேண்டாம். அவர் யாரென்று எனக்கே இன்னும் தெரியாது. முன்பின் தெரியாத ஒருவர் என்னைப் பற்றி முதன்முதலில் அறிந்துகொள்ளும் விஷயம் இதுவாக இருக்க வேண்டாம். உன் தாத்தாவிடம் கூடவே கூடாது. அவர் பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறார். நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். பேனா தாளில் உரசுவதுகூட அவருக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து பயந்து எழுதுகிறேன்.

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு இப்போது பதினேழு வயது, தாம்பரத்தில் ப்ளஸ் டூ படிக்கிறேன். போன வாரம் எங்கள் தமிழ் மிஸ் கட்டுரைக்கு ஒரு தலைப்புக் கொடுத்தார்கள்: வளர்ந்து ஆளான மகனுக்குப் பெற்றோர் எழுதும் கடிதம். "சிரிக்காதீங்கடி, நீங்களே அம்மாவா மாறி எழுதுங்க" என்றார்கள். நான் நன்றாக மாறினேன். விடியற்காலையில் எழு, செய்தித்தாள் படி, சிக்கனமாக இரு, தோல்வியைக் கண்டு துவளாதே என்று இரண்டு பக்கம் எழுதினேன். மிஸ் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை நீ படிக்க வேண்டியதில்லை. அதில் இருந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இதை எழுதுகிற அம்மாவுக்கு நாளைக் காலை பத்து மணிக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. அதனால்தான் இதை உண்மையான கடிதம் என்கிறேன். ஒருவேளை நீ மகளாகப் பிறந்துவிட்டால் கோபித்துக்கொள்ளாதே. மகன் என்று எழுதியது மிஸ் கொடுத்த தலைப்பின் பழக்கம்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் சாமு, உனக்கு மாமா, குரோம்பேட்டையில் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் படிக்கிறான். நாளை அவன் வகுப்பில் ஒருவர் கரும்பலகை முன் நின்று ஒரு சிறிய திருத்தத்தை விளக்க வேண்டும். அதை எழுதியவர் யாரோ அவர்தான் விளக்க வேண்டும். எழுதியவள் நான். நான் போகாவிட்டால் அந்த வகுப்புக்குக் கிடைத்த ஒரு நல்ல காரியம் நாளையோடு முடிந்துவிடும், அதைத் தொடங்கிவைத்த வசந்தா மேடத்துக்கும் தலைக்குனிவு. நான் போனால் அப்பாவுக்குத் தெரிந்துவிடலாம். தெரிந்தால் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி யாருக்காவது கொடுத்துவிடுவார். அடுத்த வருஷம் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்ற என் ஆசையும் அதே ஆட்டோவில் ஏறிப் போய்விடும் என்றுதான் பயம். அப்பா, அம்மா என்று நான் எழுதுவது உன் தாத்தாவையும் பாட்டியையும். அம்மாவைப் பாட்டி என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்கு இன்னும் தலையில் ஒரு நரைமுடிகூட வரவில்லை.

பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்குக் கல்லூரிப் பாடம் எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். உன் மாமாவின் கையெழுத்துதான் காரணம். அது கோழி நடந்தது போல இருக்கும் என்பார்கள், ஆனால் கோழிக்குக்கூட எங்கே போகிறோம் என்று ஒரு எண்ணம் இருக்கும். கல்லூரியில் லேப் ரெக்கார்டு என்று ஒன்று உண்டு. செய்த ப்ரோக்ராமையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதி, கோடு போட்டு, அட்டை போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். அழகாக எழுதத் தெரிந்த தங்கை இருக்கிற பையன்கள் பாக்கியசாலிகள். ஒரு ரெக்கார்டுக்கு ஒரு முட்டை பப்ஸ் என்று எங்களுக்குள் பேச்சு. பப்ஸுக்காக எழுத ஆரம்பித்தவள், ஒரு நாள் பாதியில் நிறுத்தி, "அண்ணா, இந்த வரி இங்க இருந்தா இது நிக்கவே நிக்காதே, சுத்திக்கிட்டே இருக்குமே?" என்று கேட்டேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "நீ எழுது, ஆராய்ச்சி பண்ணாத" என்றான். மறுநாள் லேப்பில் அது நிற்கவே இல்லையாம். அன்று இரண்டு பப்ஸ் வந்தது. மகனே, யாருக்காவது எதையாவது நகலெடுக்க நேர்ந்தால் கையால் மட்டும் எழுதாதே. கொஞ்சம் தலையையும் கூட வைத்துக்கொள். என் படிப்பு முழுக்க அப்படி வந்ததுதான்.

வீட்டுக் கம்ப்யூட்டரும் அண்ணனால் வந்தது. அவனும் அவன் நண்பன் முரளியும் ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாகப் பழையது வாங்கிச் சேர்த்தார்கள். மூடி கிடையாது. உள்ளே சுற்றும் விசிறி வெளியே தெரியும். அம்மா அதன் மேல் கிறிஸ்துமஸ் மேஜை விரிப்பைப் போர்த்திவைப்பாள். அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டிருந்தார்கள். காலாண்டுத் தேர்வில் எனக்கு இயற்பியலில் மார்க் குறைந்தது. அப்பா ரயில்வேயில் டிக்கெட் கவுன்ட்டரில் இருக்கிறார், அதிகம் பேசமாட்டார். மார்க் அட்டையைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், மவுஸைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார். "பரீட்சை முடியட்டும், எலி வெளிய வரும். நடுவுல இதுல உட்கார்ந்தேன்னு தெரிஞ்சுது, பெட்டியோட தூக்கிக் குடுத்துடுவேன்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன். நாங்கள் பயன்படுத்தியதற்கு மவுஸ் தேவையே இல்லை, எல்லாம் தட்டச்சில்தான் என்று அப்பாவிடம் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. அவர் மாலை ஷிப்டில் இருக்கும் நாட்களில் நான் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அரையாண்டில் இயற்பியல் மார்க் ஏறிவிட்டது.

இனி வசந்தா மேடம். அண்ணனின் வகுப்பில் இந்த வருஷம் ஆளுக்கொரு சிறிய ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். வழக்கமாக மாணவர்கள் செய்வது ஆஸ்பத்திரி நிர்வாகம், நூலக நிர்வாகம் என்று ஏதாவது ஒன்று. மேடம் முதல் நாளே அதையெல்லாம் தள்ளிவிட்டாராம். "வருஷா வருஷம் சீனியர் செஞ்ச ஆஸ்பத்திரியவே பேர் மாத்திக் குடுக்கறீங்க. அந்த ஆஸ்பத்திரில இது வரைக்கும் ஒரு பேஷன்ட்கூட சேர்ந்ததில்ல. போதும்." உலகத்தில் பலர் ப்ரோக்ராம் எழுதி, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் திறந்துவைத்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், தப்புக் கண்டுபிடிக்கலாம், திருத்தி அனுப்பலாம். "உங்கள்ல ஒவ்வொருத்தரும் அதுல ஒண்ணை எடுத்து, ஒரே ஒரு சின்னத் தப்பைச் சரி பண்ணி எழுதினவருக்கு அனுப்பணும். அவர் ஏத்துக்கிட்டா மார்க். நான் திருத்தறதை விட அவர் நல்லாத் திருத்துவார்" என்றாராம். வகுப்பே நடுங்கிவிட்டது. எங்கோ டென்மார்க்கில் இருக்கிறவர் நம் ப்ரோக்ராமைப் படித்துச் சிரித்தால் என்ன ஆவது? முரளி எழுந்து, "மேடம், ஆஸ்பத்திரிய விட்டுக் குடுத்துடறோம், லைப்ரரி மட்டும் குடுங்க" என்று கெஞ்சினானாம்.

அண்ணன் எடுத்துக்கொண்டது வானத்தைக் காட்டும் ஒரு ப்ரோக்ராம். ஊரையும் நேரத்தையும் சொன்னால் அங்கே அப்போது எந்த நட்சத்திரம் எங்கே இருக்கும், நிலா எத்தனை மணிக்கு உதிக்கும் என்று காட்டும். அதை எழுதியவர் ஹென்ரிக் என்ற டென்மார்க்காரர். அண்ணன் ஒரு வாரம் தேடியும் அதில் ஒரு தப்பும் அகப்படவில்லை. "இந்த ஆளு தப்பே பண்ண மாட்டான் போல. என் மார்க்குல மண்ணு" என்று விட்டுவிட்டான். எனக்கு அந்த ப்ரோக்ராம் பிடித்துவிட்டது. அது சொல்லும் நேரத்துக்கு மொட்டை மாடிக்குப் போய் நிலாவுக்காக நிற்பேன். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கும் பக்கம் இன்னும் உயரமான கட்டடங்கள் வரவில்லை, வானம் தரையைத் தொடும் இடம் வரைக்கும் தெரியும். நிலா வராது. கொசு வரும். துணி எடுக்க வந்த அம்மா, "யாருக்குடி காத்துக்கிட்டு நிக்கற?" என்று சந்தேகமாகக் கேட்பாள். ரொம்ப நேரம் கழித்து நிலா ஒன்றும் தெரியாதது போல எழுந்து வரும். ஒரு நாள் என்றால் மேகம் என்று விட்டுவிடலாம். பார்த்த ஒவ்வொரு நாளும் தாமதம், அதுவும் ஒரே அளவு தாமதம். அண்ணனிடம் சொன்னேன். "நிலாவும் தாம்பரம் லோக்கல்தான, லேட்டாத்தான் வரும்" என்றான். நான் கூடத்தில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரைப் பார்த்தேன். அந்தச் சீட்டில் சூரிய உதய நேரம் போட்டிருக்கும். ப்ரோக்ராம் சொன்ன நேரம் அதைவிடச் சரியாக அரை மணி முன்னால் இருந்தது. அப்போதுதான் புரிந்தது. லண்டன் பக்கத்து நேரத்தைவிட நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். ஹென்ரிக் தன் ப்ரோக்ராமில் எத்தனை மணி என்று முழு எண்ணாக மட்டும் கேட்டிருந்தார். ஐந்தரை என்று கொடுத்தால் அது ஐந்தை எடுத்துக்கொண்டு அரையைக் கீழே போட்டுவிடும். அவர் ஊரில் அரை மணிகள் கிடையாது, பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பக்கத்து ஊர்க்காரர்கள் யாருக்கும் தெரியவே தெரியாத தப்பு அது. நம் ஊர் மொட்டை மாடியில் கொசுக்கடியில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

இந்த இடத்தில் நான் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு மாடிப்படியில் ஒரு படி மற்றவற்றைவிட உயரம். அப்பா பக்கத்தில் நின்று கட்டிய படிக்கட்டு, அதனால் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. வருகிற விருந்தாளிகளிடம் "பாத்து வாங்க" என்போம், எந்தப் படி என்று சொல்லமாட்டோம். எல்லோரும் எல்லாப் படியையும் பார்த்துப் பார்த்து ஏறி, சரியாக அந்தப் படியில் தடுக்கிக்கொள்வார்கள். எங்கள் போதகர்கூட ஒருமுறை கையில் இருந்த மிக்சர் தட்டோடு தடுக்கினார். ஹென்ரிக்கின் ப்ரோக்ராமோடு 'எனக்குத் தெரிந்த தப்புகள்' என்று ஒரு கோப்பும் வருகிறது. இது இது சரியாக வேலை செய்யாது, எனக்கு நேரம் இல்லை, யாராவது சரிசெய்தால் நன்றி என்று அவரே எழுதியிருக்கிறார். எந்தப் படி உயரம் என்று வாசலிலேயே எழுதிப்போட்ட வீடு. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரம் கழித்துப் பொறாமையும் வந்தது. நீயும் நானும் இருக்கப்போகிற வீடு அப்படி இருக்கட்டும். உன் தப்பை என்னிடம் சொல்ல வரும்போது என் முகம் எப்படி இருக்குமோ என்று நீ யோசிக்கக் கூடாது. மறந்து நான் முகத்தைத் தூக்கினால் இந்தப் பத்தியைக் கொண்டுவந்து காட்டு. இதை மட்டும் காட்டலாம், எனக்கு மட்டும்.

திருத்தத்தை நானே எழுதினேன், நான்கு மாலைகள் ஆயின. நேர வித்தியாசத்தைக் கணக்கு வைக்க ஒரு பெயர் தேவைப்பட்ட இடத்தில் 'நிலா' என்று வைத்தேன். ஓட்டிப் பார்த்தேன். அன்று ப்ரோக்ராம் சொன்ன நேரத்துக்கு மாடிக்குப் போனேன், நிலாவும் வந்தது! மாடியில் தனியாக நின்று குதித்தேன். பிளாப்பி டிஸ்கில் போட்டு அண்ணனிடம் கொடுத்து, "உன் ப்ராஜெக்டுக்கு வெச்சுக்கோ" என்றேன். அப்போது மனதாரக் கொடுத்ததுதான். அவனும் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் ஊர்க் கல்லூரிகளில் மட்டும்தான் நடக்க முடியும். லேப் ரெக்கார்டில் ஒருவனுக்குச் சரியான விடை வந்துவிட்டால் அது விடுதி முழுக்கச் சுற்றும். அதைத் தப்பு என்று யாரும் நினைப்பதில்லை. கொடுக்காதவனைத்தான் தப்பாகப் பேசுவார்கள். முரளி பிளாப்பியைக் கேட்டான். அண்ணன் தயங்கினான். முரளி பல்லாவரத்துக்காரன், அவன் பேச்சை நீ கேட்டிருக்க வேண்டும்: "இன்னா மச்சான், ஓவரா பண்ற? மேடமே இன்னா சொன்னாங்க? ஓப்பன்! அல்லாரும் எடுத்துக்கலாம்! நீ இன்னாடான்னா மூடி வெச்சிகினு கீற." அண்ணன் பிளாப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டான். முரளியிடமிருந்து வகுப்புத் தோழன் தன்ராஜுக்குப் போனது, அங்கிருந்து வகுப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. ரெக்கார்டில் செய்வது போலவே, பார்க்க வேறு மாதிரி இருக்கட்டும் என்று ஆளாளுக்கு 'நிலா' என்ற பெயரை மட்டும் மாற்றினார்கள். முரளி 'பரோட்டா' என்று வைத்தான். தன்ராஜ் தனக்குப் பிடித்த நடிகையின் பெயரை வைத்தான், அதுவும் ஒரு இடத்தில் மாற்றி இன்னொரு இடத்தில் மறந்துவிட்டான், அதனால் அவனுடையது ஓடவே ஓடாது. கல்லூரியில் மின்னஞ்சல் இருப்பது மேடம் அறையில் உள்ள ஒரே கம்ப்யூட்டரில், ஒரே முகவரி. வரிசையில் நின்று ஒருவர் பின் ஒருவராக அனுப்பினார்கள். எல்லாக் கடிதமும் 'மதிப்பிற்குரிய ஐயா, தாழ்மையுடன் சமர்ப்பிப்பது என்னவென்றால்' என்று தொடங்கியதாம். மேடம் அன்று ஒரு கூட்டத்துக்காக அண்ணா சாலைப் பக்கம் போயிருந்தார்.

ஹென்ரிக்கின் பதில் ஒன்றே ஒன்றுதான் வந்தது, எல்லோருக்கும் சேர்த்து. அண்ணன் அச்செடுத்துக் கொண்டுவந்தான். நாள் முழுக்க ஒரே திருத்தம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது, பெயர் மட்டும் வேறு வேறு என்று எழுதியிருந்தார். உங்கள் நாட்டில் நேரத்தைப் பரோட்டா என்ற அளவில் அளக்கிறீர்களா என்றும் கேட்டிருந்தார். அதற்குப் பிறகு எழுதியதை நான் பல தடவை படித்துவிட்டேன். திருத்தம் சரி. இதுவரை யாரும் கவனிக்காத தப்பு. ஆனால் எழுதியவர் நேர வித்தியாசத்தை மணியில் வைக்காமல் நிமிடத்தில் வைத்திருக்கிறார். வெறும் அரை மணிக்கு அது தேவையில்லை, ஆனால் நேபாளத்தில் முக்கால் மணிக் கணக்கு இருக்கிறது, அங்கேயும் இது பொருந்துகிறது. ஏன் அப்படிச் செய்யத் தோன்றியது என்று எழுதியவர் எனக்குச் சொல்லட்டும், அவர் பெயரைச் சேர்த்துத் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். அதுவரை இந்த முகவரியிலிருந்து வரும் வேறு எதையும் ஏற்கப்போவதில்லை.

துறைத் தலைவருக்கு விஷயம் போனது. "காலேஜ் மானம் டென்மார்க் வரைக்கும் போயிடுச்சு" என்றாராம். நாளை பத்து மணிக்கு அவரே வகுப்புக்கு வருகிறார். எழுதியவன் எழுந்து நின்று விளக்கி, அந்தக் கேள்விக்கும் பதில் சொல்லி, அங்கேயே டென்மார்க்குக்கு எழுத வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஏற்பாடே ரத்து, எல்லோரும் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குத் திரும்ப வேண்டியது, மேடம் அறையில் இருக்கும் மின்னஞ்சல் தொடர்பும் துண்டிக்கப்படும். மேடம் பையன்களைத் திட்டவே இல்லையாம். "நான் தப்பு கண்டுபிடிக்கச் சொல்லிக் குடுத்தேன், பேர் போடச் சொல்லிக் குடுக்கலை. அது என் தப்பு" என்று மட்டும் சொன்னாராம். மற்றவர்களுடைய திருத்தங்களும் சில உண்மையாகவே ஏற்கப்பட்டிருக்கின்றன, மகனே. ஒரு பெண் ஒரு அகராதி ப்ரோக்ராமைச் சரிசெய்து, பிரேசிலிலிருந்து அவளுக்கு நன்றிக் கடிதம் வந்திருக்கிறது. அதை அவள் தன் ஹால் டிக்கெட்டோடு சேர்த்து வைத்திருக்கிறாளாம். நாளை அதெல்லாம் நின்றுவிடும்.

இன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் என்னை மாடிக்குக் கூப்பிட்டான். "எனக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துடு. நானே போய் நின்னு சொல்லிடறேன். உன் பேர் வெளிய வரவே வராது, அப்பாவுக்கும் தெரியாது" என்றான். நல்ல யோசனையாகத்தான் பட்டது. வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தேன். அவன் முட்டாள் இல்லை, சோம்பேறி, அவ்வளவுதான். சீக்கிரமே எல்லாம் பிடிபட்டுவிட்டது. கடைசியில், "சரி, ஏன் நிமிஷத்துல வெச்ச?" என்றான்.

"அப்பாதான்" என்றேன்.

"அப்பா எங்கடி வந்தார் இதுல?"

"'எப்ப வருவீங்க'ன்னு அம்மா கேட்டா என்ன சொல்வார்? 'நூத்தம்பது நிமிஷத்துல வந்துடறேன்.' நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப அரை மணி, கால் மணின்னு சொன்னா, 'உடைஞ்ச சாமான் மாதிரி அரை, கால்னு என்ன பாப்பா? நிமிஷத்துல சொல்லு, முழுசா இருக்கும்'பாரே. அதான் அண்ணா. மணியில வெச்சா உடையுது. நிமிஷத்துல வெச்சா எந்த ஊர் நேரமும் முழுசா இருக்கும்."

அண்ணன் சிரித்தான். சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் அப்பா, "முகூர்த்தத்துக்கு இன்னும் நூத்திப்பத்து நிமிஷம் இருக்கு" என்று சொல்லப் போக, பந்தியில் இருந்த பெரியவருக்குப் புரையேறியதை நினைத்து இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"எனக்கும் அதே அப்பாதான்" என்றான். "நானும் இதையெல்லாம் கேட்டுக்கிட்டேதான் வளந்தேன். ஆனா எனக்குத் தோணலையே. இதை எப்படிடி நான் என்னுதுன்னு அங்க போய் நின்னு சொல்றது?"

"நீதான் வரணும்" என்றான். "ட்ரெயின்ல வேணாம், ஸ்டேஷன்ல அப்பா கவுன்ட்டர்ல இருப்பார். பஸ்ல போயிடலாம். ஸ்கூலுக்குப் போற மாதிரி கிளம்பு. பத்துக்குப் போனா பன்னெண்டுக்கு வந்துடலாம்." படியிறங்கும்போது திரும்பி, "நான் உன்னை வம்புல மாட்டிவிடறேனா, குட்டி?" என்று கேட்டான். ரெக்கார்டு எழுதச் சொல்லும்போது தவிர வேறு எப்போதும் என்னைக் குட்டி என்று கூப்பிடாதவன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பஸ்ஸில் போனால் அப்பாவுக்குத் தெரியாது, அது உண்மை. ஹென்ரிக்கின் ப்ரோக்ராமில் இன்னொரு கோப்பு இருக்கிறது. உதவி செய்த எல்லோருடைய பெயர்களும் அதில் வரிசையாக இருக்கும். போலந்து, ஜப்பான், சிலி என்று எங்கெங்கோ இருப்பவர்கள். நான் திருத்தம் எழுதிக்கொண்டிருந்த நாட்களில் வேலை முடிந்ததும் அதைத் திறந்து, கடைசிப் பெயருக்குக் கீழே இருக்கும் வெற்று இடத்தைப் பார்ப்பேன். யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். எனக்கு அங்கே என் பெயர் வேண்டும். அண்ணனுக்குக் கொடுத்தபோது வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்தக் கடிதத்தில் 'எழுதியவர் சொல்லட்டும்' என்று படித்த பிறகு வேண்டும் என்று ஆகிவிட்டது. அதில் வெட்கப்பட ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. முரளி சொன்ன 'ஓப்பன்' தப்பு, மகனே. எல்லோரும் எடுத்துக்கொள்ளத்தான் திறந்துவைக்கிறார்கள், ஆனால் யார் செய்தது என்பதும் சேர்ந்துதான் திறந்திருக்கிறது. நீ செய்ததைத் தாராளமாகக் கொடு. உன் பெயரோடு கொடு. அடுத்தவர் செய்ததை எடுத்துக்கொள்ளும்போது அவர் பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொள்.

ஆனால் பஸ்ஸில் போய் அந்தப் பெயரை வாங்கிவிட்டேன் என்று வைத்துக்கொள். போலந்தில் இருப்பவர் படிப்பார். சிலியில் இருப்பவர் படிப்பார். உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் படிக்கலாம். என் அப்பா ஒருவர் மட்டும் படிக்கக் கூடாது. நாளை அந்தக் கரும்பலகை முன் நின்று, ஏன் நிமிடம் என்று கேட்டால், "என் அப்பா அப்படித்தான் எண்ணுவார்" என்று முன்பின் தெரியாத அத்தனை பேரிடமும் சொல்வேன், அவரிடம் மட்டும் சொல்லியிருக்கமாட்டேன். அது எனக்குச் சரியாகவே படவில்லை. எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் ஓட மாட்டேன் என்கிறது.

அவர் கோபப்படுவார். ஒருவேளை உண்மையாகவே நாளைக்கே ஆட்டோவைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரை ஏற்றிவிடலாம். சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. பயத்தில் என் கையெழுத்தைப் பார், உன் மாமாவுடையது போல ஆகிவிட்டது. ஆனாலும் காலையில் அவர் காபி குடிக்கும்போது சொல்லிவிடப்போகிறேன். எங்கே ஆரம்பிப்பது என்றும் யோசித்துவிட்டேன். மவுஸ் இல்லாமல் உட்கார்ந்ததை முதலில் சொல்லிவிடுவேன், திட்டுவதைத் திட்டி முடிக்கட்டும். அப்புறம், டென்மார்க்கில் ஒருத்தர் நம் நேரத்தில் அரை மணியைக் கீழே போட்டுவிட்டார் என்று சொல்வேன். ரயில்வேக்காரர், அந்த அநியாயத்தைப் பொறுக்கமாட்டார். அப்புறம்தான் கேட்பேன், அப்பா, இன்னிக்கு லீவு போட்டுட்டு என்னோட குரோம்பேட்டை வரைக்கும் வர்றீங்களா என்று. வந்தால் மகனே, நாங்கள் ட்ரெயினிலேயே

கதவைத் தட்டுகிறார்கள். அண்ணன் என்றால் தாளம் போட்டுத் தட்டுவான். இது இரண்டே தட்டு.

"பாப்பா, லைட் எரியுது. என்னம்மா பண்ணிட்டிருக்க இவ்ளோ நேரம்?"

அப்பாதான். காலை வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும்? இதோ எழுந்துபோய்க் கதவைத்